பிளேன்ரீ நிறத்து ஏரி

வரெக்கீனாவின் நெடி. மாடிப்படியில் யாரோ வாளியைச் சரித்திருக்கிறார்கள். வெளுப்புநீரின் அந்தக் காரம் மூக்கில் ஊசியாய் ஏறுகிறது, கண் கரிக்கிறது, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சிசிலியின் இந்தப் பலெர்மோ நகரில் பாதி வீடுகள் இந்த நெடியில்தான் விடிகின்றன. அநேகமாக எல்லா வாளிக்குள்ளும் ஈழத்திலிருந்து வந்த எங்கள் பெண்களின் கைதான் இருக்கிறது. ஆனால் இது மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரேயொரு கை ஞாபகம் வரும். விரல் நுனிகள் வெளிறி, தோல் கண்ணாடிபோல் மினுங்கி, ரேகைகள் தேய்ந்துபோன கை.

பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் அலுவலகத்துக்கு, போன நாளில் கைரேகை இயந்திரம் அந்த விரல்களை ஏற்கவில்லை. வைக்க வைக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார், பிறகு இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு, கை போன போக்கில், அதிகாரி முழங்கை ஊன்றியிருந்த மேசை விளிம்பையும் துடைக்கத் தொடங்கினார். அதிகாரி முழங்கையைத் தூக்கி இடம் கொடுத்தான். அருகில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ரேகை இல்லாத மனிசி எண்டு நினைக்கப்போறான். வெக்கமாக் கிடக்கு, தம்பி."

நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான். பெயரை இங்கே எழுதினால் எங்கிருந்தாலும் கூசிப்போவார், எழுதவில்லை.

வெக்கமாக் கிடக்கு. அக்காவின் நாளில் இந்த இரண்டு சொற்களும் மூச்சுப்போல வந்து போகும். பேருந்தில் எங்கள் பிள்ளைகள் சிசிலியனும் தமிழுமாய்க் குழைத்துச் சத்தம் போட்டால் வெக்கம். காப்பிக்கடையில் கோப்பையின் அடியில் கசடு தங்கினால் வெக்கம். கைக்குட்டையால் துடைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார். யாரோ ஒருவரின் மகன் வேலையை விட்டானாம், யாரோ ஒருவரின் செருப்பு வார் அறுந்துபோச்சாம், எல்லாவற்றுக்கும் அக்கா தன் முகத்தையே கொண்டுபோய் நீட்டிச் சிவப்பார். நான் கால்சாவில் ஒரு பழைய மாளிகையின் முற்றத்தில் கவிதை வாசித்த பின்னேரம், கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து சொன்னார்:

"கவிதை நல்லாத்தான் கிடந்தது. சேட்டிலை நடுப் பொத்தான் இல்லையே, தம்பி. நான் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

போர்கோ வெக்கியோவில் அவர் குடியிருந்த கட்டடத்தின் படிகளை அவரே கழுவினார். தன் மாடிக்கு மட்டுமல்ல, கீழே தெருவரை. யாரும் கேட்கவில்லை. வாசலில் மீன் விற்கிறவன் நுரை ஓடி வருவதைக் கண்டு கத்துவான்: "சிஞ்ஞோரா, அப்படியே என் மனச்சாட்சியையும் ஒரு தேய் தேய்த்துவிடு!" அக்காவுக்குப் பாதிதான் விளங்கும். வெட்கப்பட்டுக்கொண்டே அவன் மீன்பெட்டி வைத்திருந்த இடத்தையும் கழுவிவிட்டு ஏறிப்போவார்.

இத்தனை வெட்கம் ஓர் உடலுக்குள் எங்கிருந்து ஊறுகிறது என்று நான் கேட்டதில்லை. சுத்தக்காரி என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம், அது வசதியாகவும் இருந்தது.

லிபெர்த்தா வீதியில் ஒரு முதிய சிஞ்ஞோராவின் வீட்டில் இருவரும் வேலை செய்தோம். காலையில் அக்கா, துடைக்க, சமைக்க, குளிப்பாட்ட. பின்னேரத்தில் நான், நடத்திக் கூட்டிப்போக, பத்திரிகை வாசித்துக் காட்ட. சிஞ்ஞோரா இந்த ஊர்க்காரி அல்ல. ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் நடுவே ஊசியிலைக் காடொன்றில் பிறந்து, நீரின் வேதியியல் படித்து, பலெர்மோ வைத்தியர் ஒருவரைக் கட்டி இங்கே வந்து, அவரையும் புதைத்துவிட்டு, உயரக் கூரை கொண்ட அந்த வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய பேச்செல்லாம் ஓர் ஏரி. காட்டுக்குள், மலை மடியில், கைக்குட்டையளவு ஏரி. அவர் பிறந்த வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம்.

பின்னேரங்களில் பாதைமர நிழலில் நடந்தபடி எனக்குச் சொல்லுவார். தூரத்துப் புகைபோக்கிகளின் புகை மேகத்தில் கரைந்து, மழை அமிலமாய்ப் பெய்த காலத்தில், அந்த ஏரி கண்ணாடிபோல் தெளிந்ததாம். அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாமாம். ஊரார் அதைப் படம்பிடித்து வாழ்த்து அட்டை அடித்தார்களாம்.

"அழகான பிணம்," என்பார். "ஒரு மீன் இல்லை. ஒரு நத்தை இல்லை. தெளிவு, தெளிவு, தெளிவு."

பிறகு புகையை அடக்கினார்கள். மழை மெல்ல நல்லதாயிற்று. அப்போதுதான், அத்தனை காலம் புளித்துப்போய் இறுகிக் கிடந்த காட்டு மண், தனக்குள் வைத்திருந்ததை விடத் தொடங்கிற்று. உதிர்ந்த ஊசியிலைகளின் சாறு, மக்கிய வேர், பழைய இலைகளின் கறுப்பு. ஏரி வருடத்துக்கு வருடம் பழுப்பாகியது. ஊரார் கோபப்பட்டார்கள். சுத்தமான தண்ணீர் வரும் என்றாயே, இதுவா என்று விடுமுறைக்குப் போன சிஞ்ஞோராவைத் தெருவில் மறித்துக் கேட்டார்கள். உயிர் திரும்பினால் இந்த நிறம்தான் வரும் என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

நம்பியவர் ஒருவர்தான், அவருடைய தம்பி, அந்த ஊரிலேயே தங்கிவிட்ட கிழவர். அவரும் லேசில் நம்பவில்லை. முன்னொரு முறை சிஞ்ஞோராவைக் கேட்காமல் மீன்குஞ்சு கொண்டுபோய் ஏரியில் விட்டு, அடுத்த காலை எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்ததை ஊர் பார்த்துச் சிரித்திருக்கிறது. இப்போது திரும்பவும் தொட்டியில் குஞ்சு வளர்த்திருந்தார். இந்த முறை சிஞ்ஞோரா சொல்லாமல் விடுவதில்லை என்று சத்தியம். பனி உருகியதும் ஏரித் தண்ணீரை ஒரு போத்தலில் அடைத்து அனுப்புவார். சிஞ்ஞோரா அளந்து பார்த்துச் சொல்லவேண்டும்: விடலாம், அல்லது விடாதே. குளிர்காலம் முழுவதும் சிஞ்ஞோரா அந்தப் போத்தலுக்காகக் காத்திருந்தார். உடம்பு விழுந்துகொண்டிருந்தது. இதைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பார்.

இதையெல்லாம் நான் அக்காவுக்குச் சொன்னேனா? ஒரு வரி சொன்னேன். "ஒரு குளத்துத் தண்ணி வருமாம் அக்கா, அதிலை மீன் விடப்போகினமாம்." அவ்வளவுதான்.

போத்தல் வந்த காலை, சிஞ்ஞோராவைக் கண் சத்திரசிகிச்சைக்காக நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். வீட்டில் அக்கா தனிய. பொதியின் மூலை ஊறி, சலவைக்கல் மேசையில் ஒரு பழுப்பு வளையம் இறங்கியிருந்தது. கறை என்றால் அக்காவின் கை சும்மா இராது. பிரித்துப் பார்த்தார். உள்ளே, சாயம் குறைந்த, பால் விடாத பிளேன்ரீ மாதிரி ஒரு தண்ணீர். வழியில் பழுதாகிவிட்டது என்று நினைத்தார். இத்தனை நாள் காத்திருந்த, கண் தெரியாத கிழவியின் கையில் இதை எப்படிக் கொடுப்பது?

தண்ணீரைக் கழிவில் ஊற்றினார். போத்தலை வரெக்கீனா போட்டுக் கழுவி, நெடி போகும்வரை அலசினார். பிறகு தன் பைக்குள்ளிருந்து வேறொரு தண்ணீரை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம், வேதக்காரர் சைவக்காரர் என்றில்லாமல், பெல்லெக்ரினோ மலை ஏறிச் சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக் கோவிலுக்குப் போகும். அங்கே பாறையிலிருந்து சொட்டுகிற நீரைத் தகரப் பீலிகள் ஏந்திக் கீழே கொண்டுவரும். நோயாளி உள்ள வீடுகளில் அந்த நீர் ஒரு போத்தல் கட்டாயம் இருக்கும். அக்கா அதைக் கடைசிச் சொட்டுவரை ஊற்றி மூடினார். தெளிந்த நீர். வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கத்து யன்னல் தெரிகிற நீர்.

அன்று பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அழுத்த வேண்டிய துணி இருக்கிறது என்று சமையலறை மூலையில் நின்றுகொண்டார். சிஞ்ஞோரா கண்ணில் கட்டோடு மேசையருகே உட்கார்ந்தார். தண்ணீரின் புளிப்பை அளக்கும் பழைய மீட்டரை என்னிடம் தந்தார். "நீதான் இன்று என் கண்."

மீட்டரின் முனையை நீரில் விட்டேன். எண் ஏறி எட்டுக்குப் பக்கத்தில் நின்றது, புளிப்பே இல்லை. சொன்னேன். சிஞ்ஞோரா நம்பவில்லை. மீட்டரைக் கழுவி, சரிபார்க்கும் திரவத்தில் வைத்து, திரும்பவும் பார்க்கச் சொன்னார். அதே எண். பிறகு சோதனைக் குழாயில் சாயம், அதன்மேல் துளித்துளியாய் அமிலம். வழக்கமாக அந்த ஏரி நீரில் ஓரிரண்டு துளியிலேயே பச்சை சிவப்பாகிவிடுமாம். நான் விட்டுக்கொண்டே போனேன். பச்சை பச்சையாகவே நின்றது.

"நிறம் சொல்."

"பச்சை."

"சாயத்தின் நிறமல்ல. தண்ணீரின் நிறம்."

"நிறமில்லை, சிஞ்ஞோரா. நல்ல தெளிவு."

அவர் பின்னால் சாய்ந்தார். "என் ஏரி இப்படிப் பேசாது," என்றார் மெதுவாக. "இது காடு இல்லை. இது சுண்ணாம்புக் கல்."

மூலையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அந்தக் குரலில் நான் அதுவரை கேட்டிராத ஒன்று இருந்தது. பெருமை.

"என்ன தம்பி, நல்லமாமோ?"

"கனக்க நல்லாக் கிடக்காம். அதுதான் ஐமிச்சமாம், நம்பேலாதாம்."

"அதிலை என்ன ஐமிச்சம்? நல்ல தண்ணியெல்லே."

"உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

"நான்தானே விட்டனான்."

இஸ்திரிப்பெட்டி நீராவியை மூச்சுவிட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். முகம் மலர்ந்திருந்தது. வெட்கமில்லாத அந்த முகத்தை அன்றுதான் கண்டேன். அதை நானே இறக்க வேண்டியிருந்தது.

"எங்கையிருந்து விட்டனீங்கள், அக்கா?"

"ரொசாலியாம்மாவின்ரை தண்ணி. ஏறி இறங்கிக் கொண்டந்தது. மற்றது பழுதாப்போச்சு, தம்பி, ஒரே கலங்கல். மீன் விடப்போற தண்ணி எண்டு நீதானே சொன்னனி? அந்த ஊத்தையை அந்த மனிசியின்ரை கையிலை குடுக்க எனக்கு வெக்கமில்லையே?"

இத்தாலியனில் சொன்னேன். சிஞ்ஞோரா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கட்டுக்கு அடியில் கண் நோகும்வரை சிரித்தார். "அப்படியானால் நான் பெல்லெக்ரினோ மலையை அளந்திருக்கிறேன்! என் வாழ்நாளில் இத்தனை ஆரோக்கியமான ஏரியைப் பார்த்ததில்லை என்று அவளிடம் சொல்."

பிறகு சிரிப்பு நின்றது. குஞ்சுகள் தொட்டியில் இருந்தன. ஊரிலிருந்து சிஞ்ஞோராவின் தம்பி அந்தி சாயத் தொலைபேசி எடுப்பார். சொல்வதற்கு எதுவும் இல்லை.

"மனிசி ஏன் சிரிச்சவ?" அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

சொன்னேன். அமில மழை மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துக்கொண்டு வரும், அது மீனின் செவுட்பூவை அடைத்து மூச்சை நிறுத்தும். மண்ணிலிருந்து இறங்குகிற அந்தப் பழுப்புத்தான் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் அந்தக் குளத்துக்குக் கலங்கல்தான் நல்லதாம், அக்கா. தெளிஞ்சு கிடக்கேக்கைதான் எல்லாம் செத்ததாம்.

"கலங்கலிலை சாகாதாமோ?"

"சாகாதாம்."

அக்கா சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்தார். சிஞ்ஞோராவுக்குச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். "என்ன நடந்தது அவளுக்கு?" என்றார். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த மனுஷி, அடுத்த கேள்வியும் வந்தது. "ஏன் மாற்றினாள் என்று கேள். கோபமில்லை. காரணம் வேண்டும்."

கேட்டேன். ஏன் கேட்டேன்.

அக்கா நிலத்தைப் பார்த்துச் சொன்னார். வன்னியில், சண்டையின் கடைசி மாதங்களில், கடற்கரை மணலில் பங்கர். மாமி, புருஷனின் தாய், வயிற்றுக் காயத்தோடு. பக்கத்தில் தோண்டிய குழியில் ஊறுகிற தண்ணீர், சேறும் உப்பும்.

"மாமி தண்ணி கேட்டவ. நான் சட்டியிலை அள்ளிக்கொண்டு வந்தனான். சேத்து நிறம். கலியாணம் கட்டி வந்த நாளிலையிருந்து மாமிக்கு ஒரு தூசு விழுந்த தண்ணி நான் குடுத்ததில்லை, தம்பி. அந்த மனிசி செம்பை விளக்கிலை பிடிச்சுப் பாத்துத்தான் குடிக்கும். எனக்கு அதை நீட்ட வெக்கமாக் கிடந்தது. 'கொஞ்சம் பொறுங்கோ மாமி, தெளியட்டும்' எண்டனான். அவ பேந்தும் கேட்டவ. 'தா பிள்ளை' எண்டவ. நான் சட்டியையே பாத்துக்கொண்டு இருந்தன். சேறு அடியிலை இறங்க இறங்க… நல்லாத் தெளிஞ்சது, தம்பி. அவ்வளவு தெளிவு. தலையைத் தூக்கிப் பருக்கப் பாத்தன். மாமி இல்லை."

நான் அந்தக் கடற்கரையைப் பற்றிக் கவிதைகள் எழுதியவன். அங்கே இருந்ததில்லை, எழுதினேன். அலை, நிலா, சங்கு என்று வடித்து வடித்து எழுதினேன், கால்சாவின் முற்றத்தில் நின்று வாசித்தேன், கைதட்டல் வந்தது, கடைசி வரிசையில் இந்த மனுஷி உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம் என் வரிகளில். ஒரு நத்தை இல்லை.

சிஞ்ஞோரா காத்திருந்தார். இத்தாலியனில் சொல்லத் தொடங்கினேன். சட்டி என்றேன், சேறு என்றேன், மாமியார் என்றேன். கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன், அழகுபடுத்த எதுவும் இல்லை. என் குரலே எனக்குக் கூசிற்று. முடிந்ததும் சிஞ்ஞோரா ஆறுதல் சொல்லவில்லை. பொய்யான ஓர் எண்ணை வாழ்நாளில் எழுதாதவர். ஆறுதலும் அவருக்கு அப்படியொரு எண்ணாகத்தான் இருந்திருக்க வேண்டும். கையை மட்டும் மேசையின் இந்தப் பக்கம் நீட்டி, காற்றில் தேடினார். அக்கா எழுந்து வரவில்லை.

தொலைபேசி அடித்தது. சிஞ்ஞோராவின் தம்பி. சிஞ்ஞோரா தன் மொழியில் பேசினார். எனக்கு விளங்காத அந்த மொழியில் ஒரு குரல் உயர்வதும், இவர் தாழ்வதும் மட்டும் கேட்டது. வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"போத்தல் வழியில் உடைந்துவிட்டது என்று சொன்னேன்."

அதை நான் அக்காவுக்குச் சொன்னேன். தனக்காகச் சிஞ்ஞோரா பொய் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். அக்கா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அந்த மீன்களுக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இன்னொரு போத்தல் வரும்வரை குஞ்சுகள் தொட்டியில் தாங்காது என்று கிழவர் அவற்றை அளந்து பார்க்காமல், சிஞ்ஞோராவின் சொல்லில்லாமல் ஏரியில் விட்டார். சில செத்தன. எல்லாம் சாகவில்லை. மறு வருடம் ஓர் அந்தியில், பழுப்பு நீரின் மேல் வட்டங்கள் விரிவதைக் கண்டதாக அவர் சிஞ்ஞோராவுக்குச் சொன்னார். ஆனால் எங்கள் அக்கா பலெர்மோவில் இருந்தவரை அது ஒருவருக்கும் தெரியாது.

போத்தல் கதையை அக்கா தானே எங்கள் சனத்துக்குச் சொன்னார். கோப்பைக் கசடை மறைக்கிறவர், இதைக் கோவில் படியில் நின்று எல்லோருக்கும் சொன்னார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அக்கா, எங்கடை தொட்டியிலையும் கொஞ்சம் ரொசாலியாம்மாவை ஊத்திவிடுங்கோவன், மீன் வளப்பம்!"

அவரும் வாயைப் பொத்திச் சிரித்தார். மாமியின் கதையை வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

வடக்கே மொதெனாவில் தங்கையின் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பார்க்க ஆள் இல்லை என்று பலெர்மோவை விட்டுப் போக அக்காவுக்கு ஒரு காரணம் கிடைத்தது. நாப்போலிக் கப்பலுக்கு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். துறைமுகத்தில் எண்ணெய் மணம், பாரவண்டிகளின் இரைச்சல். அக்கா பெட்டியின் சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சிஞ்ஞோரா உங்களைத் திரும்பி வரட்டாம், அக்கா. அவ ஒண்டும் மனசிலை வைக்கேல்லை."

"அவ வைக்காட்டி? அந்த மனிசி தன்ரை சகோதரத்துக்கே பொய் சொன்னவ, எனக்காக. நான் என்ன முகத்தோடை அந்தப் படி ஏற?"

"பொய்யில்லை அக்கா, ஒரு…"

"நீ கவிதை சொல்லாதை."

கப்பலின் படிக்கட்டை இறக்கினார்கள். சனம் நெருக்கியது. அக்கா பெட்டியின் பிடியைப் பற்றிக்கொண்டு, இனிக் காலை வேலையும் எனக்குத்தான் என்பதால், ஒவ்வொன்றாய்ச் சொல்லத் தொடங்கினார். இரவுக் குளிசை நீலப் பெட்டியில். கண்ணுக்கு விடுகிற மருந்து குளிர்பெட்டிக் கதவில். போர்வையை வெயிலில் போடவேண்டும். முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார், மனிசி சொல்லமாட்டா, வெட்கப்படுவா. பிறகு போனார், நாலு படி ஏறினார், பின்னால் வருகிறவர்களை நிறுத்தி வைத்துக்கொண்டு திரும்பினார்.

"தண்ணி கேட்டா உடனை குடு, தம்பி. பாத்துக்கொண்டு நிக்காதை."